முன் வண்டி

ஏப்ரல் 4

பேனாவில் மை சரியில்லை. இப்போது வருகிற பேனாக்கள் எல்லாமே இப்படித்தான், எழுதும்போதே மங்கிவிடுகிறது. பெட்டிகளில் பெயர் எழுத வைத்திருந்த கறுப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டேன். பக்கத்துக்கு எட்டு வரிதான் பிடிக்கிறது. பரவாயில்லை, டைரி பெரியது.

காலையில் தண்ணீர் லாரி ஓட்டும் வங்காளி ஒருவன் டயர் மாற்ற என் கராஜுக்கு வந்தான். வேலை முடிந்ததும் தன் போனை என் காதில் வைத்தான். அதில் ஒரு குரல் பதிவு, நாலைந்து போன் மாறி வந்தது, எங்கிருந்து என்று அவனுக்கும் தெரியாது.

"மாமா, நான் சுடலைமணி பேசுதேன். என் போன பிடுங்கிட்டாவ. ஒட்டகம் ஒதச்சு காலு ஒடிஞ்சு வீங்கிக் கெடக்கு. பழைய பிளேன் எறங்குன எடத்துக்குப் பக்கத்துல ஒரு கெணறு இருக்கு, அங்கதான் பட்டி. ஜெயாட்ட சொல்லாதீங்க."

அவ்வளவுதான். வா என்று சொல்லவில்லை.

சுடலைமணி என் மகள் ஜெயக்கொடியின் புருஷன். உடன்குடியில் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். நான் இங்கே ஓமானில் டயருக்கு அடியில் படுத்துக் கிடந்தபோது, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கோயிலில் வைத்துத் தாலி கட்டினான். ஆறு வருடமாக அவனோடு நான் பேசியதில்லை. போன வருடம் எவனோ ஓர் ஏஜெண்ட் சொன்னதை நம்பி, டிரைவர் வேலை என்று நான் இருக்கும் இதே நாட்டுக்கு வந்தான். கொண்டுபோய் ஒட்டகம் மேய்க்க விட்டுவிட்டார்கள். அப்போதும் என்னைக் கேட்கவில்லை. இன்று மாமா என்கிறான்.

பதிவை மறுபடியும் போடச் சொன்னேன். வங்காளி நல்லவன். நான் கேட்டபோதெல்லாம் போட்டான்.

ஏப்ரல் 6

தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். சுடலைமணியின் முதலாளி ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கிறான், என் ஆள் ஓடிப்போய்விட்டான் என்று. ஓடிப்போனவன் பட்டியில் எப்படி இருப்பான் என்று அதிகாரி கேட்டார். கால் ஒடிந்தவன் எப்படி ஓடுவான் என்று நான் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரில் வரைபடத்தைப் போட்டு என் பக்கம் திருப்பி, இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள், ஆள் அனுப்புகிறோம் என்றார். படம் முழுக்க வெறும் மஞ்சள். ஒரு கோடு இல்லை, ஓர் எழுத்து இல்லை. அப்படி ஒரு படத்தை வைத்துக்கொண்டு அரசாங்கம் நடத்துகிறார்கள்.

எழுந்து வந்துவிட்டேன். இடம் என் மண்டையில் இருக்கிறது. நான் வாலிபனாக இருந்தபோது எண்ணெய் தேடிய கம்பெனி ஒன்று பாலைவனத்துக்கு உள்ளே விமானம் இறங்கத் தளம் போட்டது. அங்கே சாமான் ஏற்றிப்போன லாரி என்னுடையது. கம்பெனி போய்விட்டது, தளமும் மணலுக்கு அடியில் போயிருக்கும். இப்போது இந்த ஹைமா ஊரில் இருப்பவர்களில் வழி தெரிந்தவன் நான் ஒருவன்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான் நான். என்ஜினையும் அரபியையும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மணலையும் அப்படித்தான் படித்தேன்.

நானே போய்க் கூட்டி வருகிறேன்.

ஏப்ரல் 8

ஒற்றை வண்டியாக மணலில் இறங்கக் கூடாது. மூன்று வேண்டும். முன் வண்டி நிலத்தைப் படிக்கும். நடு வண்டி தண்ணீரையும் டீசலையும் சுமக்கும். கடைசி வண்டியில் கயிறும் மண்வெட்டியும் பலகையும். பின்னால் வருகிறவர்கள் முன் வண்டித் தடத்திலேயே சக்கரத்தை வைக்க வேண்டும், ஒரு சாண் விலகக் கூடாது. ஆளுக்கொரு புத்தி மணலில் ஆகாது. முன் வண்டிக்காரன் போனால் போக வேண்டும், நின்றால் நிற்க வேண்டும்.

முன் வண்டி என்னுடைய பிக்கப். கிளட்ச் பிளேட் போன மாதம்தான் புதிதாகப் போட்டேன், என் கையாலேயே. இன்னும் பத்து வருடத்துக்கு அதைத் தொட வேண்டாம்.

ஏப்ரல் 9

அசனலியிடம் போனேன். கீழக்கரைக்காரன், கடற்கரையிலிருந்து மீன் ஏற்றி வருகிறவன், நல்ல பிக்கப் வைத்திருக்கிறான்.

"அண்ணாச்சி, ஓடிப்போனவன்னு எழுதிக் குடுத்த ஆளை நம்ம வண்டியில ஏத்துனா நம்ம விசா போயிரும். எனக்கு மூணும் பொம்பளப் புள்ளைங்க."

"எனக்கு ஒண்ணுதான்வே" என்றேன்.

 "எடத்தச் சொல்லுங்க. நானும் பால்பாண்டியும் போயி தூக்கிட்டு வந்துர்றோம். நீங்க வரவேணாம்" என்றான்.

"ஏன், எனக்கு என்ன கொறச்சல்?"

அவன் மேஜையில் இருந்த கிளாஸை நகர்த்தி என் கைக்கு நேராக வைத்தான். "டீ ஆறுது அண்ணாச்சி" என்றான்.

இடத்தைச் சொல்லவில்லை. சொன்னால் என்னை விட்டுவிட்டுப் போவார்கள். எனக்குத் தெரியாத மணலா இவர்களுக்குத் தெரிந்துவிடப் போகிறது? நான் முன்னால் போவதானால் போவோம், இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 11

கேட்டில் வண்டி இடித்து வலப்பக்க விளக்கு உடைந்தது. தூணை யார் இவ்வளவு உள்ளே தள்ளிக் கட்டினார்கள் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 13

பால்பாண்டி வருகிறேன் என்றான். விருதுநகர்ப் பக்கத்துக்காரன், பெருத்த உடம்பு, எதையும் இரண்டு தடவை கேட்க மாட்டான். நடு வண்டி அவனுக்கு. அவன் பேசி அசனலியும் கடைசி வண்டிக்கு ஒப்புக்கொண்டான்.

இருவரும் சாமான் வாங்கப் போனோம். தண்ணீர் டிரம், கயிறு, பலகை, பேரீச்சம்பழம், ரஸ்க். மேட்டுக்கு அந்தப் பக்கம் போனாலும் வண்டி தெரிய வேண்டுமே, அதற்காக உயரக் கம்பியில் கட்டும் சிவப்புக் கொடி. கடைக்காரன் தந்த கொடியைக் கராஜ் வாசலில் கட்டிப் பார்த்தேன். மட்டமான துணி, வெயிலில் நிறமே எடுபடவில்லை. மாற்றித் தா என்று திரும்பிப் போனேன். "அண்ணாச்சி, ரத்தமாத் தெரியுதுல்லா" என்றான் பால்பாண்டி. கடைக்காரனும் அவனும் ஒரே கட்சி.

ஏப்ரல் 14

சித்திரைப் பிறப்பு. ஜெயக்கொடி கூப்பிட்டாள்.

"எப்பா, அவுக நம்பரு போகவே மாட்டேங்கு. எத்தன நாளாச்சு தெரியுமா?"

"பாலைவனத்துல டவர் இருக்காது."

"நீங்க இருக்க நாட்லதான இருக்காவ. ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்தா என்ன கொறஞ்சா போவீங்க?"

"எனக்கு வேல கெடக்கு."

"ஆறு வருசமாவாப்பா வேல?"

போனை வைத்துவிட்டாள். கால் ஒடிந்ததை நான் சொல்லவில்லை. அவன் சொல்லாதே என்றதற்காக அல்ல. எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 17

இன்று கிளம்புவதாக இருந்தது. அசனலி கயிறோடு வந்தான். வந்த பிறகு சொல்கிறான், "முன் வண்டி நான் எடுக்குறேன் அண்ணாச்சி. நீங்க எம்பக்கத்துல உக்காந்து வழி சொல்லுங்க."

"நான் என்ன கிளீனராவே?"

"கேட்டுத் தூணு நாப்பது வருசமா அங்கனதான் நிக்குது."

"கண்ணு எனக்கு நல்லாத் தெரியும்."

"நான் கண்ணப் பத்திப் பேசவே இல்லியே" என்றான்.

ஏற்றிய டிரம்மை எல்லாம் இறக்கச் சொல்லிவிட்டேன். பால்பாண்டி நடுவில் நின்றுகொண்டு, "ஆளு அங்க கெடக்காரு அண்ணாச்சி, ஆளு அங்க கெடக்காரு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கும் தெரியும். வெயில் நாளுக்கு நாள் ஏறுகிறது. ஒடிந்த கால் இந்த வெயிலில் என்ன ஆகும் என்றும் தெரியும். ஆனால் வழி தெரிந்தவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான் என்ற பேச்சு எனக்கு வேண்டாம்.

ஏப்ரல் 18

அசனலி ஆள் அனுப்பியிருக்கிறான். நீங்களே முன்னால் போங்கள் என்று. கடைசியில் அவன்தான் இறங்கி வந்தான்.

ஏப்ரல் 20

நேற்று நடந்ததை எழுத வேண்டும். நடந்தபடி எழுதுகிறேன்.

விடிந்ததும் தார் ரோட்டை விட்டு இறங்கினோம். டயர்களில் காற்றைப் பாதியாக்கினோம், மணலில் அமுங்காமல் பரந்து நிற்பதற்காக. முதலில் சரளை நிலம், பிறகு மணல் மேடு. எல்லாம் எனக்குப் பழகிய இடம். வண்டி படகு மாதிரி போனது. பின்னால் இரண்டு பேரும் என் தடத்திலேயே வந்தார்கள். அந்த ஒரு மணி நேரம் நான் நன்றாக இருந்தேன்.

மேடு இறங்கினால் ஒரு வெளி. இந்த ஊரில் சப்கா என்பார்கள். மேலே உப்புத் தோல், அடியில் சேறு. வேம்பாரில் உப்பளம் பார்த்தவனுக்கு விளக்க வேண்டியதில்லை. வெள்ளையாக இருக்கும் இடத்தில் தோல் தடியாக இருக்கும், வண்டி தாங்கும். கறுத்திருந்தால் ஈரம், தாங்காது. கறுப்பை விட்டு வெள்ளையில் போக வேண்டும். குழந்தைக்குக் கூடத் தெரியும்.

உச்சி வெயில். எல்லாமே ஒரே நிறமாக இருந்தது. அந்த வெளிச்சத்தில் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். நான் வேகமாகப் போனேன், என் வண்டியில் சுமை இல்லை, கடந்துவிட்டேன். அந்தப் பக்கம் ஏறி நிறுத்தியபோது பின்னால் சத்தம் இல்லை.

தண்ணீர் ஏற்றியிருந்த பால்பாண்டியின் வண்டி அச்சு வரை இறங்கிவிட்டது. சேறு கதவைத் திறக்க விடவில்லை, ஜன்னல் வழியாக அவனை இழுத்தோம். முழங்கால் வரை கறுப்புச் சேறு அவனுக்கு. நான் சத்தம் போட்டேன், கறுப்பில் ஏன் விட்டாய் என்று.

"கறுப்பாத்தான் தெரிஞ்சுச்சு அண்ணாச்சி. அம்புட்டும் கறுப்பு. நடுவுல உங்க தடம் போச்சு. தடத்த விடாதன்னு நீங்கதான சொன்னீங்க, நானும் அதுலயே ஓட்டுனேன்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வண்டியைத் தூக்க அத்தனை டிரம்மையும் அந்த உப்பிலேயே கொட்டினோம். கொட்டியும் அசையவில்லை. சாயங்காலம் ஒட்டகம் ஏற்றிப்போகும் பெரிய லாரியோடு சாலிம் என்ற பதூ, பாலைவனத்து அரபி, வந்தான். இழுத்து வெளியே போட்டுவிட்டு எல்லோருக்கும் கை கொடுத்தான். எனக்கும் நீட்டியிருக்கிறான், நான் கவனிக்கவில்லை, அசதி. அவன் என் பக்கத்தில் வந்து, என் கையை எடுத்து, விரித்து, அதில் கொஞ்சம் பேரீச்சம்பழத்தை வைத்து மூடினான். பிறகு அசனலியிடம் தனியாக ஏதோ பேசினான். பெரியவருக்கு எத்தனை வயது என்றுதான் கேட்டான் என்கிறான் அசனலி.

திரும்பி வந்துவிட்டோம். கொண்டுபோன தண்ணீர் எல்லாம் போய்விட்டது.

ஏப்ரல் 21

ஒரு வேலையும் செய்யவில்லை.

ஏப்ரல் 24

வங்காளி வந்தான். அந்தப் பக்கத்திலிருந்து வாய் மாறி வாய் மாறி நேற்று சேதி வந்ததாம். கால் கறுத்துவிட்டது, கிட்டே போனால் நாறுகிறது, காய்ச்சலில் என்னென்னவோ பேசுகிறான். யாரைப் பற்றிப் பேசுகிறான் என்று கேட்டேன். சொன்னவர்களுக்குப் பாஷை தெரியாதே என்றான்.

இன்னொரு பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். பழையதையே போடு என்றேன். அழித்துவிட்டானாம்.

அசனலியின் இடத்துக்கு நடந்தே போனேன். பால்பாண்டியும் அங்கே இருந்தான், வண்டிக்கு அடியில் சேற்றைச் சுரண்டிக்கொண்டு. இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.  வாசலிலேயே நின்று சொன்னேன், என் வண்டிக்குக் கிளட்ச் போய்விட்டது, அதனால் அசனலி முன் வண்டி எடுக்கட்டும், நான் பக்கத்தில் உட்கார்கிறேன், சாலிமைக் கடைசி வண்டிக்குக் கூப்பிடுங்கள் என்று.

பால்பாண்டி ஏதோ கேட்க வாயைத் திறந்தான். அசனலி அவனைக் கேட்கவிடவில்லை.

"கிளட்ச்சுதான அண்ணாச்சி. எப்ப வேணாலும் போகும்" என்றான்.

ஏப்ரல் 27

நேற்று போய், இன்று வந்தோம்.  மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

அசனலிக்குப் பார்க்கத் தெரியும், சொல்லத் தெரியாது. ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

"என்னவே தெரியுது?"

"ஒண்ணும் தெரியல அண்ணாச்சி. வெறும் மணலு."

"வெறும் மணலுன்னா? மேடா, பள்ளமா? செவப்பா, வெளுப்பா?"

"வலது பக்கம் செவப்பு. நம்ம ஊர்ப் பக்கம் தேரியில கெடக்குமே, அப்பிடி."

"அதத்தான சொல்லணும். அந்தச் செவப்ப வலது பக்கத்துலயே வச்சுக்கிட்டுப் போ. சக்கரத்துக்கு அடியில கல்லு நொறுங்குத சத்தம் கேட்டா நிறுத்து."

சப்காவை அவன் சுற்றிக்கொண்டு போனான். நான் கேட்காமலே, "இப்ப கறுப்பு அண்ணாச்சி, இப்ப வெள்ளை" என்று சொல்லிக்கொண்டே வந்தான். வாயை மூடிக்கொண்டு ஓட்டு என்றேன். அவன் நிறுத்தவில்லை.

கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. பிறகு இருபுறமும் துருப்பிடித்த டிரம்கள் வரிசையாகப் புதைந்து கிடக்கின்றன என்றான். இறங்கி ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். நாங்கள் அன்று ஓடுதளத்துக்கு நட்ட டிரம்தான். வழி சரியாகத்தான் இருந்தது. அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

கிணற்றுப் பக்கம் ஒரு தார்ப்பாய். முதலாளி வெள்ளிக்கிழமைதான் வருவானாம். தார்ப்பாய் நிழலில் இரண்டு பேர். ஒருவன் எழுந்து ஸலாம் சொன்னான், சூடான்காரன் என்று பேச்சிலேயே தெரிந்தது. மற்றவன் படுத்திருந்தான். அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து அரபியில் கேட்டேன், இங்கே சுடலைமணி என்று ஓர் இந்தியன் இருந்தானே, அவன் எங்கே என்று.

"மாமா" என்றான் படுத்திருந்தவன்.

ஆள் மாறிப் போயிருந்தான். தாடி, கறுப்பு, எலும்பு. யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். அசனலியிடம் கேட்டேன், நீயும் அடையாளம் கண்டிருக்க மாட்டாயே என்று.

"நான் அவரப் பாத்ததே இல்லியே அண்ணாச்சி" என்றான்.

பால்பாண்டி அவனைக் குழந்தை மாதிரித் தூக்கி வந்து பின் சீட்டில் கிடத்தினான். தலை என் மடியில். கால் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். வழியெல்லாம் துணியை நனைத்து அவன் வாயில் பிழிந்தேன். உதடு எங்கே என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் பிழிய வேண்டியிருந்தது, வண்டி ஆட்டத்தில்.

"ஜெயாட்ட சொல்லிட்டீங்களா?" என்று ஒரு தடவை கேட்டான்.

"இல்ல."

"நல்லது மாமா."

மே 2

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முதல் வாரத்திலேயே கொண்டுவந்திருந்தால் காலை வைத்திருக்கலாம் என்றார் டாக்டர். டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

என்னையும் நாற்காலியில் உட்காரச் சொல்லி ஒரு விளக்கைக் கண்ணில் அடித்தார். எனக்கு ஒன்றும் இல்லை, நான் நோயாளியோடு வந்தவன் என்று எழுந்துகொண்டேன்.

ஜெயக்கொடிக்குச் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "என்னைக்குப்பா ஒங்களுக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மே 12

இது சுடலைமணியின் கையெழுத்து. வார்த்தை என்னுடையது. ஆஸ்பத்திரியில் விளக்கு போதவில்லை, அதனால் அவனை எழுதச் சொல்கிறேன். வேறு காரணம் இல்லை. முந்தைய பக்கங்களைப் படிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஓடிப்போனவன் என்ற புகாரை நீக்கிவிட்டார்கள். ஒற்றைக் காலோடு ஒருவனைக் கொண்டுபோய் நிறுத்தினால் யாரும் பிறகு ஓடினான் என்று சொல்வதில்லை. அசனலியின் விசாவுக்கும் பால்பாண்டியின் விசாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் நாங்கள் இருவரும் ஊருக்குப் போகிறோம். இவன் சக்கர நாற்காலியில். தள்ளுவது நான். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று இவன் சொல்லிக்கொண்டே வருகிறான். இன்று வராந்தாவில் பழகிப் பார்த்தோம். ஒரு தடவைதான் இடித்தது. அது வழியில் கட்டிலைப் போட்டிருந்தவன் தப்பு.

இனி லோடு ஆட்டோ ஓட்ட முடியாதே என்று கேட்டேன். கையாலேயே பிரேக் பிடிக்கிற மாதிரி மாற்றித் தருவீர்களா மாமா என்கிறான். தருவேன். அந்த வேலைக்கு எனக்குக் கண் வேண்டாம், கை போதும். இல்லை, அந்த வரியை அடித்துவிடு. அடிக்க மாட்டேன் என்கிறான். ஆறு வருடத்துக்கு முன்னாலும் இவன் இப்படித்தான் இருந்திருப்பான்.

ஏப்ரல் 24-ஆம் தேதிப் பக்கத்தை மட்டும் எடுக்கச் சொன்னேன். அதில் ஒரு தப்பு இருக்கிறது, இங்கே திருத்தி எழுது என்றேன். என்ன என்று பேனாவோடு காத்திருந்தான்.

கிளட்ச் போகவில்லை. நன்றாகத்தான் இருந்தது. ஏப்ரல் 4-ஆம் தேதி பேனாவில் மையும் நன்றாகத்தான் இருந்தது.

எழுதும் சத்தம் நின்றது. "தெரியும் மாமா. அசனலி அண்ணன் சொல்லிட்டாவ" என்றான்.

அதையும் எழுது என்றேன்.